உறுமல் கேட்ட விரல்கள்: திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் ஒலிக்கருவிப் பழுதுபார்ப்பு

மடிக்கணினியை ஒரு மேடைமீது வைத்து அழுத்திய மாத்திரத்தில் மின்சாரம், திரை, விசைப்பலகை, ஒலி ஆகிய அனைத்தையும் ஒரே செருகியின் வழியாக அதற்கு இணைத்துவிடும் கருவி டாக்கிங் ஸ்டேஷன் எனப்படும். பேச்சு வழக்கில் அது வெறும் டாக். அந்த மேடைக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் அடங்கியிருந்தால் அது ஒலி டாக் ஆகிறது. ஆப்பிள் நிறுவனம் 1992இல் பவர்புக் டுவோ கணினிக்காக வெளியிட்ட டாக் இவ்வகைக் கருவிகளுள் முன்னோடிகளில் ஒன்று; 2000களின் நடுப்பகுதியில் எச்பி நிறுவனம் தன் மடிக்கணினிகளுக்காக விற்ற எக்ஸ்பி3000 என்னும் மேடையில் அல்டெக் லான்சிங் ஸ்பீக்கர்கள் பொருத்தப்பட்டிருந்தன. அல்டெக் லான்சிங் என்பது 1945 முதல் அமெரிக்கத் திரையரங்குகளில் திரைக்குப் பின்னால் நின்ற பெருங்கூம்பு ஸ்பீக்கர்களால் புகழ்பெற்ற பெயர் என்பதை நினைத்தால், அரங்கு நிறைய ஒலித்த ஒரு மரபு மேசைமீது ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிய கதை அதற்குள் இருப்பது விளங்கும்.

மதுரைச் சமவெளியில் இத்தகைய டாக் பெருவழக்கு ஆனதில்லை. பெருநிறுவன அலுவலகங்கள் கழித்துவிட்டவை, வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் கொண்டுவந்தவை என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகவே அவை பழுதுபார்ப்போர் மேசைக்கு வந்தன. ஆயினும் அவற்றைத் திறந்து பார்த்த கைகளுக்குப் பின்னால் வால்வு வானொலி, மைக் செட், கேசட் ரெக்கார்டர் எனப் பல தலைமுறைப் பயிற்சி இருந்தது என்பதும், அந்தப் பயிற்சி முழுவதையும் இச்சிறு கருவி ஒரே இடத்தில் முட்டி நிற்கச் செய்தது என்பதும் இவ்வட்டாரத் தொழில் வரலாற்றில் பதிவு செய்யத்தக்கவை. முட்டிய இடம் ஸ்பீக்கர் அன்று, ஆம்ப்ளிஃபையரும் அன்று. வெளியிலிருந்து ஒலி உள்ளே நுழையும் வாயில்.

மதுரையின் தென்மேற்கே சுமார் 8 கி.மீ. தொலைவில், ஒற்றைப் பாறைக் குன்றின் அடியில் அமைந்த திருப்பரங்குன்றம், 2011இல் மாநகராட்சி எல்லை விரிவாக்கப்பட்டபோது நகரோடு சேர்ந்தது. முருகன் தெய்வயானையை மணந்த தலம் என்ற நம்பிக்கையால் முகூர்த்த நாள்களில் இங்குத் திருமணங்கள் அடுக்கடுக்காக நடக்கின்றன. கோயிலைச் சுற்றித் திருமண மண்டபங்கள் பெருகியதற்கும், மண்டபங்களைச் சார்ந்து பந்தல், சமையல், பாத்திர வாடகை, ஒலி ஒளி ஆகிய தொழில்கள் வேரூன்றியதற்கும் அதுவே காரணம். பங்குனித் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இங்கு எழுந்தருள்வதும், சித்திரையில் முருகன் மதுரைத் திருக்கல்யாணத்துக்குச் செல்வதும் இரு ஊர்களையும் ஒரே விழாக் கணக்கில் கட்டிவைத்திருக்கின்றன. இக்குன்றைப் பாடும் பரிபாடல் பாக்களின் அடிக்குறிப்புகளில் இயற்றியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் சேர்த்தே காணப்படுவதைப் பார்த்தால், ஒலிக்குப் பொறுப்பானவர் இன்னார் என்று தனியே குறித்துவைக்கும் வழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று எனலாம்.

மின்சார ஒலிபெருக்கி வருமுன் கூட்டத்தின் கடைசி வரிசைவரை குரலைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தொண்டையினுடையதாகவே இருந்தது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைப் போன்ற நாடகக் குழுக்களில் உச்ச ஸ்தாயியில் பாடவல்ல சிறுவர்களுக்கு இருந்த மதிப்பில் இந்தத் தேவைக்கும் பங்குண்டு. மின்சாரம் அந்தப் பொறுப்பைத் தொண்டையிலிருந்து கருவிக்கு மாற்றியபோது, கருவி ஊமையானால் அதைப் பேசவைக்கும் ஆளும் தேவைப்பட்டார்.

சென்னையில் 1924இல் தோன்றிய மாகாண வானொலி மன்றமும், அது மூடப்பட்டபின் 1930 முதல் சென்னை மாநகராட்சி நடத்திய ஒலிபரப்பும் தலைநகரச் செய்திகளாகவே நின்றுவிட்டன. 1939இல் திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கிய பிறகே தென்மாவட்டங்களுக்கு வானொலி அண்டை வீட்டுப் பொருளாயிற்று. மதுரைக்கெனத் தனி நிலையம் 1987இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு முழுவதும் இங்குள்ள பெட்டிகள் திருச்சியையும், 1963க்குப் பின் திருநெல்வேலியையும், எல்லாவற்றுக்கும் மேலாக இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையையும் தொலைவிலிருந்தே பிடித்தாக வேண்டியிருந்தது. அலை தொலைவிலிருந்து வரும்போது பெட்டியின் உணர்திறன் சற்றே குறைந்தாலும் பாட்டு மங்கிவிடும்; ஆகவே அருகிலேயே நிலையம் அமைந்த ஊர்களில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு குறைகூட இங்குக் கடைவாசலுக்கு வந்தது. பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. கட்டணம் கட்டிய பெட்டி மாதக்கணக்கில் பேசாமல் கிடப்பதை எந்த வீட்டுக்காரர் பொறுப்பார்?

வால்வு வானொலி என்பது வெற்றிடக் கண்ணாடிக் குமிழ்களால் அலையைப் பெருக்கும் கருவி. மர்ஃபி, பிலிப்ஸ், எச்எம்வி, புஷ் என எந்தப் பெயர் தாங்கியிருந்தாலும் அதன் உள்ளமைப்பு ஏறத்தாழ ஒன்றே: வால்வுகள் குழியில் செருகப்பட்டிருந்ததால் கழற்றி மாற்றலாம், மின்தடையும் கண்டன்சரும் கம்பிக்குக் கம்பி ஈயம் வைத்து இணைக்கப்பட்டிருந்ததால் கண்ணால் பின்தொடரலாம், எந்தக் குழியில் எந்த வால்வு என்ற படம் பல பெட்டிகளின் உட்புறத்திலேயே ஒட்டப்பட்டிருந்தது. 200 வோல்ட்டைத் தாண்டிய நேர்மின்சாரம் உள்ளே ஓடியதாலும், ஏசி, டிசி இரண்டிலும் இயங்கும் பெட்டிகளில் உலோகத் தட்டே நேரடியாக மின்தொடர்பில் இருந்ததாலும், ஒரு கையால் வேலை செய்யும்போது மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது தொழில் பழகுவோருக்குச் சொல்லித்தரப்பட்ட முதற்பாடம்.

அடுத்த பாடம் உறுமல் சோதனை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோலின் நடு முனையைத் திருப்புளி நுனியாலோ விரலாலோ தொட்டால், உடலைச் சுற்றியுள்ள மின்கம்பிகளிலிருந்து உடல் ஏற்றுக்கொண்ட நொடிக்கு 50 அதிர்வு கொண்ட மின்னோட்டம் உள்ளே புகுந்து ஸ்பீக்கரில் ‘பர்ர்’ என்று உறுமும். உறுமினால் அந்த முனையிலிருந்து ஸ்பீக்கர்வரை நலம், பழுது அலை வாங்கும் முன்பகுதியில் இருக்கிறது. உறுமாவிட்டால் பழுது பின்பகுதியில். அளக்கும் மீட்டர் விலையுயர்ந்த அபூர்வப் பொருளாக இருந்த நாள்களில் கருவியை ஒரே தொடுகையில் இரண்டாகப் பிரித்துக் காட்டிய இந்தச் சோதனைதான் தொழிலின் அடித்தளம். மதுரையில் 1946இல் தமிழ்நாடு பாலிடெக்னிக்கும், 1957இல் திருப்பரங்குன்றத்திலேயே தியாகராசர் பொறியியல் கல்லூரியும் வந்தபின்னரும், ரேடியோ மெக்கானிக் பெரும்பாலும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கண்பார்த்துக் கைப்பழகியே உருவானார். படித்த பொறியாளரைவிட அவர் அறிந்தது குறைவு என்று கொள்வது தவறு. அவர் அறிந்தது வேறு வகை.

அப்பெட்டிகளின் பின்புறத்தில் ‘பிக்-அப்’ அல்லது ‘கிராம்’ என்று குறிக்கப்பட்ட இரு துளைகள் இருந்தன. இசைத்தட்டின் முள்ளிலிருந்து வரும் மெல்லிய மின்னொலியை அத்துளைகளில் கொடுத்தால் வானொலிப் பெட்டியே ஆம்ப்ளிஃபையராக மாறி இசைத்தட்டை ஒலிக்கச் செய்யும். பின்னாளில் ஆக்ஸ் என்று வழங்கிய வாயிலின் முன்னோர் இவையே. அலை வாங்கும் பகுதி திருத்த முடியாதபடி கெட்டுப்போன பெட்டிகூட இத்துளைகளின் வழியாக வேறொரு கருவிக்குக் குரலாக நீடிக்க முடிந்தது.

டிரான்சிஸ்டர் வந்ததால் தொழிலின் தோற்றம் மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை. பெல் ஆய்வகத்தில் 1947இல் உருவான இந்தக் குறைகடத்திச் சில்லைப் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. நான்கு பேட்டரிக் கட்டைகளில் இயங்கிய பெட்டி வயலுக்கும் தேநீர்க் கடைக்கும் போயிற்று. தொட்டால் உதறும் அபாயம் ஒழிந்தது. உறுமல் சோதனை அப்படியே தொடர்ந்தது.

திருப்பரங்குன்றத்தைப் பொறுத்தவரை வானொலியைவிட நிலையான வருமானத்தைத் தந்தது மைக் செட் ஆகும். மைக், ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டு இயந்திரம், மரக்கிளையிலோ மூங்கில் உச்சியிலோ கட்டிய குழாய் ஸ்பீக்கர், கூடவே சீரியல் விளக்கு என்பவை சேர்ந்த வாடகைத் தொகுதிக்கு அப்பெயர்; அதை நடத்தும் கடைகள் தம் பெயர்ப்பலகையில் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று எழுதிக்கொண்டன. 1940இல் டெல்லியில் தொடங்கப்பட்ட அஹுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையர்கள் இத்தொழிலில் நாடு முழுவதும் நிலைபெற்றதற்கு அவற்றின் ஒலித்தரம் மட்டுமே காரணமன்று. பேட்டரியிலும் மின்சாரத்திலும் இயங்கியதும், உதிரிப் பாகம் தனியே கிடைத்ததும் காரணங்களே. குழாய் ஸ்பீக்கரின் கழுத்தில் திருகிப் பொருத்தப்படும் ‘யூனிட்’ என்னும் பகுதியில் ஒரு மெல்லிய தகடும் அதோடு ஒட்டிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. அளவுக்கு மீறிக் கூட்டிவைத்தால் சுருள் எரிந்துவிடும். எரிந்த சுருளைத் தகட்டோடு சேர்த்துக் கழற்றி எறிந்து புதியதைப் பொருத்தினால் அரை மணி நேரத்தில் யூனிட் மீண்டும் பேசும். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவில் எரிந்த யூனிட் விடியுமுன் சரியாக வேண்டும் என்னும் கெடு இவ்வூரில் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வந்ததால், காத்திருக்கச் சொல்லும் பழுதுபார்ப்பு இங்குச் செல்லுபடியாகவில்லை. விரைவும் உதிரியும் இத்தொழிலின் இரு கால்கள் என்று ஆனதற்கு இந்தத் திருமண அட்டவணையே காரணம் எனத் தோன்றுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளி ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. கூம்புக் குழாய்க்கு எதிரான காவல்துறைக் கெடுபிடிகளும் சேர, மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் குழாயின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட், தமிழகத்தின் வீடுகளை எட்டியது முக்கியமாக 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும்தான். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோரின் பெட்டிகளில் வானொலியும் ரெக்கார்டரும் இணைந்த டூ-இன்-ஒன் தவறாமல் இடம்பெற்றது. முதன்முறையாக மின்சுற்றை மட்டும் அறிந்தவருக்குப் போதாத ஒரு கருவி மேசைக்கு வந்தது. நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நாடா ஒரே சீராக ஓடவேண்டும். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் ரப்பர் பெல்ட் வெயிலில் தளர்ந்தால் பாட்டு இழுபடும். நாடாவை அழுத்திப்பிடிக்கும் ரப்பர் உருளை வழவழப்பானால் நாடா சிக்கிச் சுருண்டு வெளியே வரும். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் படலம் படிந்தால் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். ஹெட்டின் சாய்வு மாறியிருந்தால் அதன் பக்கத் திருகை, பாட்டு துலங்கும்வரை காதால் கேட்டுக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். இக்கடைசி வேலைக்கு எந்த மீட்டரும் காதுக்கு நிகரில்லை என்பதால், நல்ல மெக்கானிக் நல்ல ரசிகராகவும் இருந்தாக வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் எழுதித்தந்த பட்டியல்படி 60 அல்லது 90 நிமிட நாடாவில் பாட்டுப் பதிந்துதரும் ரெக்கார்டிங் சென்டர்களும் இதே காலத்தில் பெருகின. பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் அவை எப்படிப்பட்டவையாக இருந்தாலும், ஓய்வின்றி ஓடிய அவற்றின் இயந்திரங்கள் பழுதுபார்ப்போருக்கு நிலையான வேலை கொடுத்தன.

கணினி வந்தபின் மதுரை டவுன் ஹால் ரோட்டின் மின்னணுக் கடைகளில் ‘மல்டிமீடியா ஸ்பீக்கர்’ என்னும் புதிய சரக்கு குவிந்தது. இரண்டு சிறு ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கான ஊஃபர் பெட்டி ஒன்றும் கொண்ட தொகுதிக்கு 2.1 என்று பெயர். விலைமலிந்த பல தொகுதிகளின் உள்ளே இருந்தது ஐந்தே கால்கள் கொண்ட டிடிஏ2030 போன்ற ஐசி, அதாவது ஒரு முழு ஆம்ப்ளிஃபையரையும் விரல்நுனி அளவில் அடக்கிய சில்லு. ஜப்பானின் சான்யோ நிறுவனம் வடிவமைத்த எல்ஏ4440 ஐசியோ உள்ளூர் அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர்களின் உயிர்நாடியாகவே இருந்தது. இவை மலிவு, எங்கும் கிடைப்பவை, கால்களின் கணக்கு மனப்பாடமானவை. பழுதோ பெரும்பாலும் ஐசியில்கூட இல்லை, மின்னாற்பகுப்புக் கண்டன்சரில் இருந்தது: உள்ளே ஈரமான வேதிப்பொருள் நிறைந்த இவ்வுருளைகளின் ஆயுள் வெப்பம் 10 பாகை கூடும்தோறும் ஏறத்தாழ பாதியாகும் என்பதால், கோடையில் 40 பாகையைத் தொடும் மதுரையில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அவை தலைவீங்கிக் கிடந்தன. 2012 வாக்கில் தமிழகத்தை வாட்டிய பல மணி நேர மின்வெட்டில், மின்சாரம் திரும்பும் ஒவ்வொரு முறையும் பாய்ந்த அதிர்ச்சி அவற்றுக்கு மேலும் ஓர் அடி. சுவர்ப்பல்லி உள்ளே புகுந்து இரு முனைகளை இணைத்து எரித்த வகையையும் இங்கே மறக்கக்கூடாது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதும், கணினியையே பார்த்திராத வீடுகளில் அது முதல் கணினியாக நுழைந்தது. அதன் சிறு ஸ்பீக்கரில் மின்விசிறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்பது அரிது, ஆகவே 3.5 மி.மீ. துளையில் ஒரு வயரைச் செருகி 2.1 தொகுதியோடு இணைப்பது பரவலான ஏற்பாடாயிற்று. அத்துளையின் குலமரபு 1878 வாக்கில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட செருகியிலிருந்து தொடங்குகிறது. வயரின் நுனியை விரலால் தொட்டால் பழைய வால்வுப் பெட்டியைப் போலவே 2.1 தொகுதியும் உறுமியது. பாட்டன் காலத்துச் சோதனை பேரன் மேசையிலும் செல்லுபடியானது.

ஒலி டாக்கில்தான் விரல் தோற்றது. மேசைக்கு வந்த டாக்கில் தொட்டுப் பார்ப்பதற்கு வயர் நுனியே இல்லை. இருந்ததெல்லாம் பத்துக்கணக்கான நுண்கால்கள் நெருங்கி நின்ற, அந்தந்த நிறுவனத்துக்கே உரிய ஒரு செருகி. எந்தக் கால் மின்சாரம், எந்தக் கால் ஒலி, எந்தக் கால் ‘மடிக்கணினி அமர்ந்துவிட்டது’ என்று அறிவிப்பது என்பதைச் சொல்லும் படம் வெளியே கிடைப்பதில்லை. சில மாதிரிகளில் ஒலி மின்னலையாகவே வந்தது. வேறு சிலவற்றில் யூஎஸ்பி வழியாக எண்களாக வந்து, உள்ளிருக்கும் ஒரு சில்லில் மீண்டும் அலையாக்கப்பட்டது. எண்களின் வழியில் விரலை வைத்தால் உறுமலும் வராது, ஒன்றும் வராது. அதிலும் மடிக்கணினி மேலே அமராதவரை ஆம்ப்ளிஃபையரை மௌனமாக்கி வைக்கும் ஏற்பாடு இருந்ததால், நலமாக உள்ள கருவியும் செத்ததுபோலவே தோன்றியது. அடாப்டரிலும் இதே பூட்டு: ஏறத்தாழ 19 வோல்ட் தரும் எதையாவது கொடுத்தால் போதாது, சில நிறுவனங்களின் செருகியில் நடுவே உள்ள மெல்லிய ஊசி தன்னை அறிமுகப்படுத்தினால்தான் கருவி விழிக்கும்.

இக்கருவிகளில் அடிக்கடி நேர்ந்த பழுதுகள் தம்மளவில் எளியவை. மடிக்கணினியை நாள்தோறும் வைத்து எடுப்பதால் செருகியின் கால்கள் அட்டையிலிருந்து நுண்விரிசலோடு பிரிவது முதலாவது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடுத்தபின் பரவிய காரீயமற்ற பற்றாசு 217 பாகைக்கு மேலேயே உருகுவதாலும், பழைய 60-40 பற்றாசைப்போல எளிதில் பரவாததாலும், அதைத் திருத்தப் பழைய சால்டரிங் அயர்னோடு பொறுமையும் ஃப்ளக்ஸும் தேவைப்பட்டன. தூசு படிந்து செருகி பிடிக்காமை, கண்டன்சர் வீக்கம், ஸ்பீக்கர்க் கூம்பின் ஓர வளையம் மக்கி உதிர்தல் ஆகியவையும் கைக்கெட்டிய வேலைகளே. ஆனால் அந்த மடிக்கணினி மாதிரியே சந்தையிலிருந்து மறைந்தபின், பழுதே இல்லாத டாக்கும் பயனற்றதாயிற்று. இசை கேட்கும் கருவிகளிலும் இதுவே நடந்தது: 2003இல் ஐபாடுக்கு வந்த 30 கால் செருகியை நம்பி பல நிறுவனங்கள் விற்ற டாக் ஸ்பீக்கர்கள், 2012இல் ஆப்பிள் லைட்னிங் செருகிக்கு மாறியதும் ஒரே பருவத்தில் அனாதைகளாயின. கெடாத பொருள் கழிவாகும் இந்த வகை, வால்வுக் காலத்து மெக்கானிக் கண்டிராதது.

இதற்கு மதுரைக் கடைகளில் பயன்பட்ட பதில் செருகியைத் திருத்துவதன்று, செருகியைத் தாண்டுவது. பெட்டியைத் திறந்து ஆம்ப்ளிஃபையர் சில்லின் எண்ணைப் படித்து, அதன் தரவுத்தாளை இணையத்தில் தேடினால் உள்வாயில் எந்தக் கால் என்பது தெரிந்துவிடும். டாக் முழுவதின் படம் கிடைக்காவிட்டாலும் சில்லின் படம் பெரும்பாலும் கிடைக்கும் என்பது இக்காலத்தின் ஒரு நல்ல முரண். சில்லை மௌனமாக்கும் காலைத் தரவுத்தாள் சொல்லும்படி மின்னழுத்தத்தோடோ தரையோடோ இணைத்து அதை விழிக்கச் செய்து, உள்வாயிலில் விரலை வைத்தால் பழைய உறுமல் கேட்கும். கேட்டதும் அங்கேயே இரண்டு மின்தடைகளோடு ஓர் ஆக்ஸ் வயரோ, பேனா டிரைவும் புளூடூத்தும் ஏற்கும் ஒரு மலிவான எம்பி3 போர்டோ ஈயம் வைத்து இணைக்கப்படும். மடிக்கணினியின் துணைக்கருவியாகப் பிறந்தது தனித்த ஸ்பீக்கராகக் கடையை விட்டு வெளியேறும். 1950களின் பெட்டியில் உற்பத்தியாளரே விட்டுவைத்த பிக்-அப் துளையை, 60 ஆண்டு கழித்து மெக்கானிக் தாமே துளைக்க வேண்டியிருந்தது என்று இதைச் சுருக்கலாம். மூல நோக்கம் கெட்டதால் இதைப் பழுதுபார்ப்பு என்று ஏற்கத் தயங்கும் பொறியாளர்கள் உண்டு. பொருள் குப்பைக்குப் போகாமல் தடுத்தது எதுவோ அதுவே பழுதுபார்ப்பு என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

சட்டம் இதனைத் தாமதமாகவே கண்டுகொண்டது. 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் கழிவைச் சேகரிப்பதையும் பிரிப்பதையும் பேசின; 2022இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு இணையதளம் ஒன்றையும் திறந்தது. நிறுவனங்கள் தம் பழுதுபார்ப்புத் தகவலைத் தாமே முன்வந்து தரும் ஏற்பாடாகவே அது தொடங்கியதால், சந்தையிலிருந்து விலக்கப்பட்ட ஒரு டாக்கின் சுற்றுப்படத்தை அங்கே எதிர்பார்ப்பதற்கில்லை.

புதிய டாக்குகள் பெரும்பாலும் டைப்-சி என்னும் பொதுச் செருகிக்கு மாறிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் கைபேசி முதலிய கருவிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. துளையின் வடிவம் ஒன்றானாலும் உள்ளே ஓடுவது ஒன்றன்று: ஒரு கேபிள் மின்னேற்றம் மட்டும் செய்யும், இன்னொன்று தரவையும் கடத்தும், மூன்றாவது திரைக்கான படத்தையும் ஏற்கும், மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. எனவே ஒலி வரவில்லை என்று ஒரு டைப்-சி டாக் கடைக்கு வந்தால் முதலில் கேபிள் மாற்றப்படுகிறது, பிறகு கணினியில் ஒலி வெளியேறும் வழியாக டாக் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கப்படுகிறது, வேறொரு மடிக்கணினியில் செருகி ஒப்பிடப்படுகிறது. இம்மூன்றிலும் விடை கிடைக்காதபோதே திருகுகள் கழற்றப்படுகின்றன.